செதுக்கப்படாத நகரம்

அசீரியப் பேரரசன் சனகெரிப், இன்றைய ஈராக்கில் இருந்த தன் தலைநகர் நினிவேயில் எழுப்பிய அரண்மனையின் ஓர் அறைச் சுவர்கள் முழுவதும் ஒரே ஒரு முற்றுகைக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. கி.மு. 701இல் யூதா நாட்டின் லாகீஸ் கோட்டை வீழ்ந்த காட்சி அது. அக்கற்பலகைகள் இன்று லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், யூதாவின் தலைநகரான எருசலேமை விட்டுவிட்டு லாகீஸுக்கு ஏன் இத்தனை சிறப்பு என்ற கேள்வியே எனக்கு எழுகிறது.

கி.மு. 705இல் சனகெரிப்பின் தந்தை சர்கோன் போர்க்களத்தில் மாண்டான். அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லை. பேரரசன் இப்படி மடிந்தால் கப்பம் கட்டும் சிற்றரசர்கள் சும்மா இருப்பார்களா? யூதாவின் அரசன் எசேக்கியாவும் திறையை நிறுத்தினான். அவர்களை அடக்கப் புறப்பட்ட சனகெரிப், அரண் சூழ்ந்த 46 நகரங்களைப் பிடித்ததாகவும் 2,00,150 பேரைக் கொண்டுசென்றதாகவும் தன் போர்க்குறிப்பில் பொறித்துவைத்தான். இரண்டாவது எண்ணை நான் அப்படியே நம்பமாட்டேன்.

லாகீஸ் சிற்பத்தில், மதிலை நோக்கி எழுப்பிய சாய்மேட்டின்மீது தகர்ப்புப் பொறிகள் ஏறுகின்றன. மேலிருந்து எரிபந்தங்கள் விழ, பொறிக்குள் நிற்கும் வீரன் ஒருவன் நீண்ட அகப்பையால் நீரை ஊற்றி நெருப்பை அணைக்கிறான். மதிலை வளைப்பவனுக்கு உழிஞையும் காப்பவனுக்கு நொச்சியும் சூட்டிய மரபில் வந்த நமக்கு, தோற்கப்போகிறவர்களின் எதிர்ப்பையும் அச்சிற்பி மறைக்காதது கண்ணில் படாமல் போகாது. அப்பால் கழுவேற்றப்பட்ட மூவர். மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சுகளோடு ஊரைவிட்டு வெளியேறும் குடும்பங்கள். அரியணையில் அமர்ந்து கொள்ளைப் பொருள்களைப் பார்வையிடும் அரசன். லாகீஸ் மேட்டில் நடந்த அகழாய்வில் அந்தச் சாய்மேடும், அம்புமுனைகளும், கவண்கற்களும் கிடைத்திருப்பதால் இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

விந்தை என்னவென்றால், போர்க்குறிப்பில் லாகீஸின் பெயரே இல்லை. அங்கே பேசப்படுவது எருசலேம். எசேக்கியாவை ‘கூண்டுப் பறவையைப் போல’ அவனது நகரத்துக்குள்ளேயே அடைத்துவைத்தேன் என்கிறான் சனகெரிப். பிற நகரங்களைப் பற்றிச் சொல்லும்போது ‘சூழ்ந்தேன், பிடித்தேன்’ என்று முழங்கும் அந்தக் குரல், இங்கே ‘பிடித்தேன்’ என்ற சொல்லுக்கு வரவேயில்லை. 30 தாலந்து (தாலந்து என்பது பழங்கால எடையளவு) பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் திறையாக வந்தன என்பது உண்மையாகவே இருக்கலாம். பொன்னின் அளவை விவிலியமும் அதேபோல் தருகிறது, வெள்ளியை மட்டும் 300 தாலந்து என்கிறது. ஆனால் அத்திறை, அரசன் ஊர் திரும்பிய பின்னர் நினிவேக்கு அனுப்பப்பட்டது என்று அவனே சொல்கிறான். கிளர்ச்சி செய்த எசேக்கியாவோ அரியணையில் நீடித்தான். விவிலியம் இதற்கு, அசீரியப் படையை ஓர் இரவில் வீழ்த்திய வானதூதன் ஒருவனைக் காரணம் காட்டுகிறது. திறையும் நீண்ட முற்றுகையின் சுமையும் சேர்ந்து கணக்கை முடித்தன என்பதே என் எண்ணம். பிடிக்காத தலைநகரைச் சுவரில் வடிக்க இயலாது. ஆகவே பிடித்த கோட்டை சுவருக்குப் போயிற்று, பிடிபடாத நகரம் சொல்லாலங்காரத்துக்குள் ஒளிந்துகொண்டது.

கி.மு. 681இல் சனகெரிப் தன் மகனாலேயே கொல்லப்பட்டான். கி.மு. 612இல் மேதியரும் பாபிலோனியரும் நினிவேயை அழித்தனர். லாகீஸ் சிற்பத்தில் அரியணைமேல் இருக்கும் அரசனின் முகத்தை யாரோ கொத்திச் சிதைத்தது அப்போதுதான் என்று கருதப்படுகிறது. எதிரே மண்டியிட்டிருக்கும் கைதிகள் இன்னும் அந்த முகமற்ற உருவத்தை நோக்கியே கையேந்தியிருக்கிறார்கள்.