ட்ரெய்லர் பேட்டரி: நாலு செல்லும் ஒருவழியாக ஒன்றாக ஏறின

நேற்று சாயங்காலம் சார்ஜ் முடியும் நேரத்தில் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) ஆப்பைத் திறந்தேன். நாலு செல்லுக்கும் நடுவே 8 மில்லிவோல்ட் வித்தியாசம்தான். போன மாதம்வரை இதே கட்டத்தில் மூன்றாவது செல் மட்டும் தனியாக 3.65 வோல்ட்டுக்கு எகிறும், பிஎம்எஸ் உடனே சார்ஜை வெட்டிவிடும். மற்ற மூன்றும் அப்போது 3.38-ல் நின்றுகொண்டிருக்கும். சோலார் சார்ஜர் 13.8-ஐத் தாண்டியதே இல்லை. இப்போது 14.2 வரை அலுங்காமல் போகிறது. அவ்வளவு சந்தோஷம்!

வண்டி, பெங்களூரு பீன்யாவில் பாடி கட்டிய பழைய லக்கேஜ் ட்ரெய்லர். உள்ளே 105 ஆம்பியர் ஹவர் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் நாலு, 200 வாட் பேனல், ஒரு கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், விளக்கு, மின்விசிறி. செல் நாலும் சேர்த்து எடை 8 கிலோதான். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ட்யூபுலர் பேட்டரியை இழுவைக் கொக்கிப் பக்கம் வைத்திருந்தால் ஐம்பது கிலோவுக்கு மேல் மூக்கில் உட்கார்ந்திருக்கும்.

செல் விற்றவர் ஒவ்வொன்றிலும் 3.29 வோல்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டி, 'மேட்ச் பண்ணியது' என்று எழுதி அனுப்பியிருந்தார். எல்எஃப்பியில் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாதி காலியானாலும் முக்கால் நிறைந்தாலும் வோல்டேஜ் 3.3-ஐ ஒட்டியேதான் நிற்கும். எந்த செல் முன்னால் ஓடுகிறது என்பது உச்சியில்தான் தெரியவரும். 'பிஎம்எஸ் தானாகச் சமன் செய்துகொள்ளும்' என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிலுள்ள பேலன்சர், முன்னால் ஓடும் செல்லிலிருந்து எரிப்பது 50, மிஞ்சினால் 100 மில்லிஆம்ப். ஒரு செல் 5 ஆம்பியர் ஹவர் முன்னால் இருந்தால் அதை இறக்க 100 மில்லிஆம்பிலேயே 50 மணி நேரம் ஆகும். அதுவும் 3.4-க்கு மேலே நிற்கும் நேரம் மட்டும்தான் கணக்கு. சோலாரில் ஒரு நாளைக்கு அந்த நேரம் எவ்வளவு கிடைத்துவிடும்?

ஆகவே டாப் பேலன்ஸ்தான் வழி, அதாவது எல்லா செல்லையும் நிறைந்த உச்சியில் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. இதில் வரிசை முக்கியம். நாலு செல்லையும் எடுத்த எடுப்பில் பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கட்டினால் அது 420 ஆம்பியர் ஹவர் கொண்ட ஒரே செல். பாதி காலியாக இருந்தால், 10 ஆம்பியர் பெஞ்ச் சப்ளையில் (வோல்டேஜைத் திருகி வைக்கும் மேசை மின்பெட்டி) 21 மணி நேரம் பிடிக்கும். முதலில் சீரிஸிலேயே (ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸில்) பிஎம்எஸ் வழியாக, ஏதாவது ஒரு செல் உச்சியைத் தொட்டு பிஎம்எஸ் வெட்டும்வரை ஏற்றிவிட வேண்டும். அப்புறம் பிரித்து பேரலலாக மாட்டினால் மிச்சம் கொஞ்சம்தான். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம்.

சப்ளையை எதிலும் மாட்டாமல் 3.65-க்கு வைக்க வேண்டும், அதையும் மல்டிமீட்டரில் பார்த்து. சப்ளையின் டிஸ்ப்ளேயை நான் நம்புவதில்லை. மாட்டியதும் வோல்டேஜ் 3.4-க்கு இறங்கிவிடும். திருகைக் கொஞ்சம் ஏற்றினால் என்ன என்று கை துறுதுறுக்கும். தொடவே கூடாது. ஏற்றி வைத்தால், செல் நிறையும் நேரத்தில் சப்ளை அந்தப் புது அளவுக்கே போய் நிற்கும். 3.5-க்கு மேல் ஏற்றம் மளமளவென்று நடக்கும், அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லை என்றால் செல் வீங்கும். சப்ளையோடு வந்த முதலைக் கிளிப் வயரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். அதன் ரெசிஸ்டன்ஸ் 0.05 ஓம் என்றாலே 10 ஆம்பியரில் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 ஸ்கொயர் எம்எம் வயரில் ரிங் லக் (வயர் நுனிக்கான உலோக வளையம்) போட்டு நட்டுக்கு அடியிலேயே இறுக்கினேன். செல் முனையில் 3.65 வந்து, ஓட்டம் 2 ஆம்பியருக்கு இறங்கியதும் கழற்றியாகிவிட்டது. அந்த உயரத்தில் செல்லைப் பிடித்து வைப்பதால் ஒரு லாபமும் இல்லை.

திரும்ப சீரிஸில் கட்டும்போது பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) விஷயத்தில் பொறுமை வேண்டும். செல் முனை அலுமினியம், கண்ணுக்குத் தெரியாமல் ஆக்சைடு படியும். ஸ்காட்ச்பிரைட்டில் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, உடனே பஸ்பாரை வைத்து டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கினேன். பிறகு 50 ஆம்பியர் லோடு கொடுத்து ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் மில்லிவோல்ட் அளந்தேன். மூன்றில் 3, 4 என்று வந்தது. ஒன்றில் மட்டும் 12. அதைக் கழற்றிப் பார்த்தால் பஸ்பார் ஓட்டையின் விளிம்பில் மெல்லிய பிசிறு. அது முனையில் சரியாக உட்கார விடவில்லை. அரத்தால் ஒரு இழுப்பு, 3-க்கு வந்துவிட்டது. இதைச் சும்மா விட்டால் அந்த இணைப்பில் விழும் வோல்டேஜையும் பிஎம்எஸ் செல்லின் கணக்கில் எழுதிவிடும், நல்ல செல்லுக்குக் கெட்ட பெயர்.

கேபிளுக்கு எஸ்பி ரோடு முழுக்கச் சுற்றினேன். பல கடைகளில் லக் தகரம் மாதிரி மெலிசு. ஜேசி ரோட்டுப் பக்கம் தர்மபுரிக்கார அண்ணன் ஒருவர் ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கிறார். "தம்பி, வெட்டிக் காட்டுறேன், பார்த்துட்டு அப்புறம் காசு கொடு" என்று, லக்கைக் கேபிளில் அழுத்திப் பிடித்த ஒரு கிரிம்பை ரம்பத்தால் குறுக்கே அறுத்தார். உள்ளே தனித்தனி இழையே தெரியவில்லை, ஒரே செம்புத் துண்டு. எல்லா 35 ஸ்கொயர் எம்எம் கேபிளும் அவரிடமே செய்துவிட்டேன்.

வண்டி ஓடாமல் நிற்கும் வாரங்களில் பேனல் பிரேக்கரை இறக்கிவிட்டு, போகும் வரும் ஆம்பியரை எண்ணும் ஷண்ட் மீட்டரில் 60 சதவீதம் வந்ததும் அப்படியே விடுகிறேன். எப்போதும் நூறிலேயே நிறுத்தி வைத்தால் செல் சீக்கிரம் கிழடாகும்.

பேட்டரிப் பெட்டிக்கு மூடி இன்னும் செய்யவில்லை, கிளாஸ் டி (Class T) ஃபியூஸும் வர வேண்டும். ஆனால் மனசு, இழுக்கும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து ட்ரெய்லர் பேட்டரியை ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் பக்கம் போய்விட்டது. பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜை நினைத்தபடி ஏற்றி இறக்கும், நேரடி வயரில் லித்தியம் நிறையாது. பானெட்டிலிருந்து கொக்கிவரை 5 மீட்டர், போக வர 10. 25 ஆம்பியருக்கு 16 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.27 வோல்ட், 10 எம்எம் என்றால் 0.43. விலை வித்தியாசம் இருந்தாலும் 16-தான். கேபிளைச் சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாகச் சேஸிஸ் ஓரம் கொண்டுபோக வேண்டும், அதற்கு ஞாயிற்றுக்கிழமை இழுக்கும் வண்டியை ராம்பில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.