டேன் வரைபடம்: விடைக்குறிப்பை அப்படியே நம்பாதீர்கள்

திரிகோணமிதியில் சைன் வரைபடம் போடத் தெரிந்தால் டேன் (டேன்ஜென்ட்) வரைபடமும் வந்துவிடும் என்று பயிற்சிப் புத்தகத்தில் எழுதியிருந்தது. அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. நகர்த்துவது, நீட்டுவது, கவிழ்ப்பது எல்லாம் ஒன்றுதான். ஆனால் தொடங்க வேண்டிய இடம் வேறு.

என்னைப் படுத்திய கணக்கு இது: ஒய் = −2 டேன்(2எக்ஸ் − பை/2) + 1.

புத்தகம் முதலில் வீச்சை, அதாவது நடுக்கோட்டிலிருந்து வளைவு எட்டும் அதிகபட்ச உயரத்தை, குறிக்கச் சொன்னது. டேன் மேலேயும் கீழேயும் எல்லையில்லாமல் போகும் சார்பு, அதற்கு ஏது வீச்சு? டேனுக்கு முன்னால் உள்ள 2 செங்குத்தாக நீட்டும், கழித்தல் குறி கவிழ்க்கும், அவ்வளவுதான். காலம், அதாவது வளைவு திரும்ப வரும் இடைவெளி, கண்டுபிடிப்பது ஒரு வரி வேலை: பையை எக்ஸுக்கு முன்னால் உள்ள 2 ஆல் வகுத்தால் பை/2. இங்கே 2பையை வகுக்கக் கூடாது, அது சைனுக்கு.

பெரிய சிக்கல் நகர்வில்தான் வந்தது. வளைவு வலப்பக்கம் பை/2 நகர்ந்து, அங்கேதான் அதன் நடுப்புள்ளி என்றது விடைக்குறிப்பு. எனக்கோ அதே இடத்தில் தொலைத்தொடுகோடு வந்தது, அதாவது வளைவு நெருங்கிக்கொண்டே போய்த் தொடாமலே இருக்கும் கோடு. அழித்து அழித்துப் போட்டதில் தாள் கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் எக்ஸுக்கு பை/2 என்று பிரதியிட்டேன். அடைப்புக்குள் பை/2 வருகிறது. அங்கே டேனுக்கு மதிப்பே கிடையாது. மதிப்பே இல்லாத இடத்தில் நடுப்புள்ளி எப்படி இருக்கும்? தப்பு விடைக்குறிப்பில்தான்! 2ஐ வெளியே எடுத்து 2(எக்ஸ் − பை/4) என்று எழுதினால்தான் உண்மையான நகர்வு தெரியும்: பை/4.

அதோடு விட மனசில்லை. −டேன்(2எக்ஸ் − பை/2) என்பது காட்(2எக்ஸ்), அதாவது கோடேன்ஜென்ட்தானே? அதற்குத் தொலைத்தொடுகோடுகள் 0, பை/2, பை என்று வரும். என் படத்திலும் அப்படியே இருந்தன. அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அதனால் தொலைத்தொடுகோடுகளிலிருந்தே தொடங்குங்கள். அடைப்புக்குள் இருப்பதை −பை/2, பை/2 இரண்டுக்கும் சமப்படுத்தினால் 0, பை/2 என்று இரண்டு கோடுகள் கிடைக்கும். அவற்றுக்கு நடுவே (பை/4, 1). கால் பங்கு தூரத்தில் (பை/8, 3), முக்கால் பங்கில் (3பை/8, −1). மூன்றையும் இணைத்தால் இடமிருந்து வலம் இறங்கும் வளைவு தயார். அதையே பை/2 இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டியதுதான்.

கால்குலேட்டரில் சரிபார்க்கப் போனால் அங்கேயும் தொல்லை. பாகையில் வைத்திருந்தால் −பையிலிருந்து பை வரை ஏறக்குறைய நேர்கோடுதான் தெரியும், ரேடியனுக்கு மாற்றுங்கள். சில கருவிகள் தொலைத்தொடுகோட்டின் இரு பக்கப் புள்ளிகளையும் இணைத்துச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்துவிடும். அது வளைவின் பகுதி அல்ல. அந்தக் கோட்டையும் அப்படியே பார்த்து வரைந்தால் மதிப்பெண் போய்விடும்.

இன்னொன்று: +1 இருப்பதால் வளைவு எக்ஸ் அச்சை நடுப்புள்ளியில் வெட்டாது. வெட்டுமிடம் வேண்டுமென்றால் டேன்(2எக்ஸ் − பை/2) = 1/2 என்று தீர்க்க வேண்டும்; எக்ஸ் சுமார் 1.02 வரும். பை/4 என்பது சுமார் 0.79தான்.