ஸ்டியரிங்கில் இருந்த இரண்டு அங்குல ஆட்டம்

கனடாவுக்கு வந்து இரண்டாவது வருஷம் ஒரு பழைய பிக்கப் டிரக் வாங்கினேன். அப்போது ஒன்டாரியோவில் வீடுகளுக்கு டிரைவால் என்ற சுவர்ப் பலகை அடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். எட்டடிப் பலகைகள், ஏணி, பலகை இடுக்குகளில் பூசும் காம்பவுண்ட் வாளிகள் என்று தினமும் ஏற்றி இறக்க வேண்டும். சொந்தமாக ஒரு பிக்கப் இருந்தால் வேலை தொடர்ந்து வரும் என்றார்கள். வண்டிக்கு 18 வயது. எஞ்சின் நன்றாக இருந்தது, கியர் சுத்தமாக விழுந்தது, ஹீட்டர் சூடாக அடித்தது. பார்க்கத் தெரிந்ததை எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். ஸ்டியரிங்கைப் பார்க்க மட்டும் எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் ஓட்டுகிற நேரமெல்லாம் அது என் கையில்தான் இருந்தது. நேரான சாலையில் வண்டி மெல்ல வலது பக்கம் ஒதுங்கும். கொஞ்சம் இடது பக்கம் திருப்புவேன். சக்கரம் அசையாதது போல இருக்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் சட்டென்று இடது பக்கம் போகும். மறுபடி வலது. 401 நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பெரிய டிரக் ஒன்று தாண்டிப் போனால், அந்தக் காற்றில் வண்டி ஒரு தடவை உலைந்துவிட்டுத்தான் நிற்கும். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்தால் தோள்பட்டை வலிக்கும். பலகை தூக்கிய வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சந்தேகம் வரவில்லை என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். நான் சாலையின் இடது பக்கம் ஓட்டிப் பழகியவன். இங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும், ஓட்டுநர் இருக்கை இடது பக்கம். பிக்கப் என்பதையே அதற்கு முன் ஓட்டியதில்லை. பனியில் ஓட்டியதில்லை. எல்லாமே புதிது என்னும்போது எது சரி, எது பழுது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் இல்லை. வண்டி அலைந்தால் பெரிய வண்டி அப்படித்தான் போலிருக்கிறது என்று தோன்றும். உலைந்தால் இந்த ஊர்க் காற்று அப்படி என்று தோன்றும். புதிதாக வந்தவர்கள் ‘இங்கே இப்படித்தான் போலிருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே எத்தனையோ விஷயங்களைப் பொறுத்துப்போகிறோம். அதில் பாதி நிஜமாகவே இங்கே இப்படித்தான். மீதிப் பாதி யாராவது சரிசெய்ய வேண்டியது.

இன்னொரு காரணம் அந்தச் சான்றிதழ். ஒன்டாரியோவில் பழைய வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கு உங்கள் பெயரில் பதிய, பொதுவாக ஒரு பாதுகாப்புத் தரச் சான்றிதழ் வேண்டும். ‘சேஃப்டி’ என்றே எல்லாரும் சொல்வார்கள். 36 நாள் செல்லுபடியாகும். அது கையில் இருந்ததால் வண்டிக்கு யாரோ உத்தரவாதம் கொடுத்துவிட்டார்கள் என்று நம்பினேன். அது உத்தரவாதம் இல்லை. சோதித்த நாளில் வண்டி குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது, அவ்வளவுதான் அதன் பொருள். ஒன்றரை வருஷத்தில், இரண்டு குளிர்கால உப்பில், எவ்வளவோ நடக்கும்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். பல வருஷம் கனரக டிரக் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். ஒரு சனிக்கிழமை அவரை வேலையிடத்துக்கு அழைத்துப் போனேன். பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை, என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, உம்மட வண்டி நேராய் ஓடேல்லை. நீர்தான் அதை நேராக்கிக்கொண்டு வாறீர்” என்றார்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கை ஒரு விரலால் இடமும் வலமும் தள்ளிக் காட்டினார். வட்டத்தின் விளிம்பு ஏறக்குறைய இரண்டு அங்குலம் போன பிறகுதான் முன் டயர் அசைந்தது. ஒன்றரை வருஷமாக என் கைக்கும் சாலைக்கும் நடுவில் அந்த இரண்டு அங்குலம் வெறுமனே கிடந்திருக்கிறது.

மறுநாள் அவருடைய வீட்டு முற்றத்தில் சோதனை. இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். வண்டியை ஜாக்கியில் ஏற்றாமல், நாலு சக்கரமும் சமதரையில் இருக்க, வெட்டவெளியில், எஞ்சினை ஓடவிட்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் ஆட்ட வேண்டும், முழுதாகத் திருப்பக் கூடாது. மற்றவர் டார்ச்சோடு கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். ஒரு மூட்டின் இந்தப் பக்கம் அசைந்து, அந்தப் பக்கம் தாமதமாக அசைந்தால், தேய்மானம் அங்கேதான். முதலில் நான் உள்ளே, அவர் கீழே. இரண்டு நிமிஷத்தில் எழுந்து வந்து இடம் மாற்றிக்கொண்டார். என்ன கண்டுபிடித்தார் என்று சொல்லவில்லை. “நீர் பாரும். பிறகு எனக்குச் சொல்லும்.”

கீழே என்ன இருக்கிறது என்று அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். என் வண்டி பழைய மாதிரி ஸ்டியரிங் பாக்ஸ், அதாவது ஸ்டியரிங் திருப்பலை வாங்கும் பல்சக்கரப் பெட்டி, வைத்தது. பாக்ஸிலிருந்து பிட்மேன் ஆர்ம் என்ற கை இறங்குகிறது. அது நடுவில் குறுக்காகப் போகும் சென்டர் லிங்க்கைத் தள்ளுகிறது. எதிர்ப் பக்கத்தில் வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் மாட்டிய ஐட்லர் ஆர்ம் அந்தக் கம்பியின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்கிறது. அங்கிருந்து இரண்டு சக்கரத்துக்கும், அவற்றைத் திருப்புகிற டை ராடு கம்பிகள். ஒவ்வொரு இணைப்பிலும் கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை, மேலே ஒரு ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். இத்தனை மூட்டிலும் ஆளுக்குக் கொஞ்சம் தேய்ந்தால் போதும், எல்லாம் சேர்ந்து கையில் இரண்டு அங்குலமாக வந்துவிடும்.

அவர் ஆட்ட ஆட்ட நான் பார்த்தேன். பிட்மேன் ஆர்ம் பக்கம் ஒழுங்காக அசைந்தது. ஐட்லர் ஆர்ம் பக்கம் வந்தபோது கம்பி பக்கவாட்டில் போவதற்குப் பதிலாக முதலில் மேலே தூக்கி, பிறகுதான் பக்கவாட்டில் போனது. எஞ்சினை நிறுத்திவிட்டு அதைக் கையால் பிடித்து ஆட்டச் சொன்னார். கட்டைவிரலுக்கே மேலும் கீழும் நகர்ந்தது, ‘டக் டக்’ என்று ஒரு சின்னச் சத்தத்தோடு. அந்தச் சத்தத்தை மேடுபள்ளத்தில் எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். ஏதோ தட்டுமுட்டுச் சாமான் உருள்கிறது என்று நினைத்திருந்தேன். கம்பியின் ஒரு முனை மேலே கீழே போனால் அந்தப் பக்கச் சக்கரம் தானாகவே உள்ளேயும் வெளியேயும் திரும்பும். யாரும் ஸ்டியரிங்கைத் தொட வேண்டியதில்லை, ஒரு பள்ளம் போதும். வண்டி அலைந்ததற்குப் பெரிய காரணம் இதுதான்.

அடுத்தது வலது சக்கரத்தின் வெளி டை ராட் எண்டு, அதாவது அந்தக் கம்பியின் முனை மூட்டு. ரப்பர் உறை கிழிந்திருந்தது. விரலால் அழுத்தினால் கிரீஸ் வரவில்லை, துருவின் நிறத்தில் தண்ணீர் வந்தது. இங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். உறையில் ஒரு சின்னக் கிழிசல் போதும், அந்த உப்புநீர் உள்ளே போய் கிரீஸை வெளியே தள்ளிவிடும். அப்புறம் இரும்பும் இரும்பும் துருவை நடுவில் வைத்து உரசும். மூன்றாவதாக, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும், கடிகாரத்தின் 12-உம் 6-உம் இருக்கும் இடத்தில், பிடித்து ஆட்டினோம். இடது பக்கம் கீழ் பால் ஜாயிண்ட், சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு, ஆடியது. இதே ஆட்டம் வீல் பேரிங் தேய்ந்தாலும் வரும். அதனால் ஒருவர் ஆட்ட, மற்றவர் எந்த இடம் அசைகிறது என்று கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 3-உம் 9-உம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராட் தேய்மானம் தெரியும்.

கூட வேலை செய்யும் ஒருவர் எனக்கு முன்பே ஒரு வழி சொல்லியிருந்தார். ஸ்டியரிங் பாக்ஸ் மேல் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, அதை அரைச் சுற்று இறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்று. அண்ணனிடம் கேட்டேன். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

“பெட்டியைத் தொடாதையும். அது கடைசி.”

காரணம் இருக்கிறது. அந்த ஸ்க்ரூ பாக்ஸுக்கு உள்ளே இருக்கும் பல்சக்கரங்களின் இடைவெளியை மட்டும்தான் குறைக்கும். வெளியே தேய்ந்த மூட்டுகள் தேய்ந்தபடியேதான் இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பியபின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. பல்லும் சீக்கிரம் தேயும். ஆட்டம் போனது போல இருக்கும், வண்டியோ முன்பைவிட ஆபத்தாகிவிடும். வெளியே உள்ள எல்லாவற்றையும் சரிசெய்து, அதற்குப் பிறகும் ஆட்டம் இருந்தால் மட்டும், அந்த வண்டிக்கான கையேட்டில் சொன்ன முறைப்படி தொடலாம். எனக்குத் தேவைப்படவே இல்லை.

அக்டோபரில், முதல் பனிக்கு முன் வேலையை வைத்துக்கொண்டோம். பால் ஜாயிண்ட்டை நாங்கள் தொடவில்லை. அழுத்தி ஏற்றுகிற வகை, அதற்குத் தனிப் பிரஸ் வேண்டும். சஸ்பென்ஷன் முறுக்கத்தில் இருக்கும்போது தெரியாமல் கழற்றினால் ஆளையே அடித்துவிடும். அதை ஒரு பட்டறையில் கொடுத்தேன். டை ராடும் ஐட்லர் ஆர்மும் எங்கள் கையால்.

முந்தின நாள் இரவே எல்லா நட்டிலும் துருநீக்கி எண்ணெய் அடித்துவைத்தோம். காலையில் இன்னொரு முறை. வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டுகளில் இறக்கி, ஒரு தடவை பலமாக ஆட்டிப் பார்த்த பிறகுதான் அண்ணன் கீழே போக விட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே நீட்டக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

காட்டர் பின்தான் முதல் சோதனை. நட்டின் பள்ளங்களுக்கு நடுவே நுழைந்து, நட்டு கழன்றுவிடாமல் காக்கிற சின்னக் கம்பி. துருவேறி நட்டோடு ஒன்றாகியிருந்தது. இடுக்கியால் பிடித்தால் நுனி மட்டும் ஒடிந்து வந்தது. மெல்லிய உளி வைத்துத் தட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி தட்டி, அந்த ஒரு பின்னுக்கே முக்கால் மணி நேரம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பிடுங்கித் தானே செய்யவில்லை.

டை ராட் எண்டைக் கழற்றும் முன் ஒரு வேலை. அதன் பின்னால் உள்ள பூட்டு நட்டின் இடத்தில் பெயின்ட் அடையாளம் வைத்து, எண்டைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். என்னுடையது 17 சுற்று. புதியதை அதே 17 சுற்று ஏற்றினால் சக்கரம் ஏறக்குறைய பழைய கோணத்தில் நிற்கும், சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப் போகலாம். கூம்பு வடிவத் தண்டு அதன் துளையில் இறுகியிருந்தது.  புல்லர் என்ற இழுக்கும் கருவியைப் போட்டு இழுவிசை கொடுத்து, துளையின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓர் அடி. வெடி போல ஒரு சத்தம், தண்டு விழுந்துவிட்டது. புதியதைப் பொருத்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். பின் போடும் துளை நேராக வரவில்லை. கொஞ்சம் தளர்த்தப் போனேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த பள்ளம் வரும்வரை இறுக்கத்தான் வேண்டும், ஒருபோதும் தளர்த்தக் கூடாது.

ஐட்லர் ஆர்ம் சுலபமாக வந்தது. புதிய மூட்டுகளில் கிரீஸ் ஏற்றுவதற்கான சின்ன வாய், கிரீஸ் நிப்பிள், இருந்தது. உறை லேசாக உப்பும்வரை மட்டும் கிரீஸ் ஏற்றினோம். அதற்கு மேல் ஏற்றினால் உறை பிளந்து, மறுபடி அதே உப்புநீர்.

பட்டறையில் பால் ஜாயிண்ட் முடிந்ததும் அலைன்மென்ட். இதை யாரும் தள்ளிப்போடாதீர்கள். என் முன் டயர்களைத் தடவிப் பார்த்தால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தது. சக்கரங்கள் நேராகப் பார்க்காமல் இத்தனை நாள் தரையில் தேய்த்துக்கொண்டே போனதன் தடம் அது. புது மூட்டுகளைப் போட்டுவிட்டு கோணத்தை விட்டால் புது டயரும் அப்படியே போகும்.

திரும்பும்போது அண்ணனும் கூட வந்தார். 401-இல் ஏறினேன். வண்டி நேராகப் போனது. என் கைகள் பழக்கத்தில் இடது பக்கம் கொஞ்சம் திருப்பின. முன்பு அந்தத் திருப்பல் இரண்டு அங்குலத்தில் காணாமல் போகும். இப்போது உடனே டயருக்குப் போனது, வண்டி இடது கோட்டை நோக்கிச் சாய்ந்தது. பதறி வலது பக்கம் திருப்பினேன், அதற்கும் உடனே பதில் வந்தது.

“கையை விட்டுப் பிடியும், தம்பி. இப்ப அது தானாய்ப் போகும்” என்றார் அண்ணன்.

விரல்களைத் தளர்த்தினேன். ஒரு பெரிய டிரக் தாண்டிப் போனது. வண்டி லேசாக அதிர்ந்து, தன் தடத்திலேயே நின்றது. என் கைகளை நம்பவைக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. தோள்வலி அதற்கு முன்பே போய்விட்டது.