ஏமாற்றியவர் யார்?

நான்கு ஆண்டுகளாக நான் விண்ணப்பித்து வந்த ஓர் ஆய்வுப் பணி இம்முறையும் எனக்குக் கிடைக்கவில்லை. வயது வரம்பு முடிந்துவிட்டதால் இனி விண்ணப்பிக்கவும் இயலாது. செய்தி மூன்று வரி மின்னஞ்சலாக வந்தது. படித்து முடித்த பிறகும் என் கட்டைவிரல், இத்தனை மாதப் பழக்கத்தில், திரையைக் கீழே இழுத்து இழுத்துப் புதிதாக ஏதேனும் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தது.

அன்று இரவு ஒரு சொல் என்னை உறுத்தியது. எதிர்பார்த்தது கிடைக்காத வருத்தத்தையும் ஒருவர் நம்மை வஞ்சிப்பதையும் தமிழ் ஒரே சொற்குடும்பத்தில் வைத்திருக்கிறது: ஏமாறுவது, ஏமாற்றுவது, ஏமாற்றம். ஏமாந்துவிட்டேன் என்று சொன்னவுடனேயே ஏமாற்றியவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. நானும் தேடினேன். தேர்வுக் குழுவினர் எனக்கு எந்த வாக்குறுதியும் தந்திருக்கவில்லை. பரிந்துரைக் கடிதம் எழுதிய பேராசிரியரும் நம்பிக்கையூட்டும்படி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அப்படியானால் எனக்கு வாக்குக் கொடுத்தது யார்?

நரம்பியல் அறிஞர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்து நடத்திய ஆய்வுகள் அப்போது நினைவுக்கு வந்தன. பீட்டர் தயான், ரீட் மான்டேக் ஆகியோருடன் சேர்ந்து 1997-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. ஓர் அறிகுறியைத் தொடர்ந்து பழச்சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்ட பின், அதன் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சாறு வரும்போது துடிப்பதை விட்டுவிட்டு அறிகுறி தோன்றும்போதே துடிக்கின்றன. அறிகுறி தோன்றியும் சாறு வராமற்போனால், அது வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் அவற்றின் இயக்கம் இயல்பு நிலைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. குரங்கு தன் கையிலிருந்த எதையும் இழக்கவில்லை. ஆயினும் உள்ளே எங்கோ ஒரு கணக்கு எழுதப்பட்டு, அதன் தவணை நாள்கூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. குரங்கின் நரம்பணுவிலிருந்து மனித மனத்துக்கு ஒரே தாவில் தாவிவிட முடியாதுதான். ஆனால் என் கணக்கை எழுதியவர் எவர் என்று வெளியே தேடுவதை நான் அதன்பின் நிறுத்தினேன்.

நாட்குறிப்பு எழுதும் வழக்கம் எனக்கு உண்டு. அந்த நான்கு ஆண்டுகளின் குறிப்பேடுகளை எடுத்து, இந்தப் பணியைப் பற்றி எழுதிய பக்கங்களை மட்டும் வரிசையாகப் படித்தேன். ஆய்வைப் பற்றி, அங்கே ஒரு நாள் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்பதைப் பற்றி, ஒரு வரியும் இல்லை. திரும்பத் திரும்ப வந்தது ஒரே காட்சிதான்: நான் செய்தியைச் சொல்கிறேன், அண்ணன் கையிலிருக்கும் நாளிதழைத் தாழ்த்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறார். ஒரு பக்கத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதுவரை எழுதியிருந்தேன். சிறு வயதில் நான் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் நாளிதழுக்குப் பின்னாலிருந்து "ம்" என்ற ஒலி மட்டுமே வரும். அந்த நாளிதழ் தாழ வேண்டும் என்பதற்காகவா இத்தனை விண்ணப்பங்கள் என்று எண்ணியபோது அழுகை வந்தது. பணி கிடைத்திருந்தாலும் இந்த ஏக்கம் தீர்ந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. இன்னும் பெரிய செய்தி ஒன்றைத் தேடித்தான் போயிருப்பேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அவரைத் தொலைபேசியில் அழைத்து, பணி கிடைக்கவில்லை என்று சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எந்தப் பணி? நீ விண்ணப்பித்திருந்ததே எனக்குத் தெரியாதே" என்றார். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. "முதலிலிருந்து சொல்லு" என்றார். சொல்லத் தொடங்கினேன்.