வடை எண்ணெயை 175 டிகிரியில் நிறுத்த: இண்டக்ஷன் அடுப்பும் அகச்சிவப்பு சென்சாரும்

அடுப்பு காட்டும் 180-ஐ நம்பி வடை போட முடியாது. அது கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் தெர்மிஸ்டர் என்ற சூடறியும் உறுப்பு சொல்வது. சட்டியின் சூடு அதுவரை இறங்குவதற்குள் எண்ணெய் வெகுதூரம் ஏறிவிடும். தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு சென்சாரைக் கண்ணாடிக்குக் கீழே வைப்பதிலும் பயனில்லை. எம்எல்எக்ஸ்90614 என்ற இந்த சென்சார் பார்ப்பது 5.5 முதல் 14 மைக்ரான் வரையுள்ள அலைகளை. அந்த அலைகளை அடுப்புக் கண்ணாடி விடாது. ஆகவே சட்டியின் பக்கவாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் சோதனை எவர்சில்வர் பாத்திரத்தில். தண்ணீர் தளதளவென்று கொதிக்க, சென்சார் காட்டியது சுமார் 44. பழுது சென்சாரில் இல்லை. பளபளப்பான எவர்சில்வரின் உமிழ்திறன், அதாவது தன் சூட்டை அகச்சிவப்பாக வெளிவிடும் திறன், 1-க்கு 0.15 அளவே, மீதியெல்லாம் அறையின் பிரதிபலிப்பு. கணக்குப் போட்டாலும் அதே 44தான் வருகிறது. சூடு தாங்கும் கறுப்புப் பெயின்டில் 3 செ.மீ. வட்டம் அடித்து, சென்சாரில் உமிழ்திறனை 0.95 என்று அமைத்தால் சரியாகும். தட்டையான அடியுள்ள, நன்கு பழகிய இரும்புச் சட்டிக்குப் பெயின்டே தேவையில்லை.

இந்த சென்சாரின் சாதாரண வகைக்குப் பார்வைக் கோணம் 90 டிகிரி, 2 செ.மீ. தள்ளி வைத்தாலே 4 செ.மீ. வட்டத்தைப் பார்க்கும். அவ்வளவு அருகில் சென்சாரின் உலோகக் கூடும் சூடாகி அளவு பிசகும். 5 டிகிரி பார்வையுள்ள டிசிஐ வகையை 20 செ.மீ. தள்ளி, எண்ணெய் மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே குறிவைப்பது நல்லது. அடுப்புக்குள் இருக்கும் காயிலின் காந்தப்புலம் ஒயரில் இரைச்சல் ஏற்றும். ஒயரை முறுக்கி, ஐந்து அளவுகளில் நடு அளவை எடுத்தால் போதும்.

அடுப்பைத் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கன்ட்ரோல் போர்டின் நெகட்டிவ் முனை, வீட்டு மின்சார லைனிலிருந்து பிரிக்கப்பட்டதல்ல. சென்சாரைப் படித்துப் புரோகிராமை ஓட்டும் சிறு கணினிப் பலகையான அர்டுயினோவை அதில் இணைத்தால் உயிருக்கே ஆபத்து. அழுத்தும் பட்டன் உள்ள அடுப்பில் அர்டுயினோ சொல்லும் கோணத்துக்குத் திரும்பும் இரண்டு சர்வோ மோட்டார், பவரின் கூட்டல், கழித்தல் பட்டன்களை அழுத்தட்டும். ஓர் அழுத்தம் தவறினாலும் எண்ணிக்கை பிசகும் என்பதால், தொடக்கத்தில் கழித்தலைப் பலமுறை அழுத்திக் கடைசிப் படிக்கு இறக்கிவிட வேண்டும்.

1 லிட்டர் எண்ணெய் 1600 வாட்டில் நொடிக்கு அரை டிகிரி ஏறும். 155-லேயே பவரைக் குறைக்காவிட்டால் 175-ஐத் தாண்டிவிடும்.

பெரிய ஆபத்து லென்ஸில் படியும் எண்ணெய்ப் படலம். சென்சார் குறைவாகக் காட்டும். புரோகிராம் இன்னும் பவரை ஏற்றும். முழு பவரில் 60 நொடியில் 15 டிகிரியாவது ஏறாவிட்டால் அடுப்பு அணையும்படி எழுதியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் லென்ஸைத் துடைத்து, எண்ணெயில் முக்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்ட பிறகே மாவைக் கையில் எடுக்கலாம்.