எலியின் கணுக்கால்

போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்த பிறகு செய்யும் ஆராய்ச்சி வேலைக்காக அமெரிக்கா போன முதல் வருடம் என் கையில் பிப்பெட்டை விட அதிகம் இருந்தது வெர்னியர்தான். லேத் பட்டறையில் கம்பியின் தடிமன் பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே சாமான். வாரம் ஒருமுறை எலிக்கு லேசாக மயக்கம் கொடுத்து, பின்னங்காலின் கணுக்காலை அளப்பேன். நல்ல கால் மூன்று மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். வீங்கினால் அரை மில்லிமீட்டர் கூடும், மிஞ்சிப்போனால் ஒன்று. அந்த அரை மில்லிமீட்டருக்காகத்தான் அத்தனை பாடு.

உண்ணி கடித்து வரும் லைம் நோய் தரும் மூட்டுவாதம்தான் எங்கள் விஷயம். 1975இல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊர்ப்பக்கம் பல பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியது. அம்மாக்கள் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் அதைத் துருவ ஆரம்பித்தார். சில வருடம் கழித்து வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலுக்குள் சுருள் சுருளான பாக்டீரியாவைப் பார்த்தார். அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். சின்ன வயதில் மாட்டுக் காதிலிருந்து உண்ணி பிடுங்கிய ஆள் நான். அதற்குள் இப்படி ஒன்று நெளியும் என்று யார் நினைத்தது?

எல்லா எலிக்கும் கால் வீங்காது. சி3எச் என்ற பழுப்பு எலிக்கு நன்றாக வீங்கும். அதே கிருமியை அதே அளவு கருப்பு எலிக்கு, அதாவது சி57 பிளாக்6 வகைக்கு, ஊசியில் போட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. காட்டில் இந்தக் கிருமியைச் சுமந்து திரியும் வெள்ளைக்கால் எலியோ நோயே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். எந்தக் கூண்டில் எந்த எலி என்று தெரிந்தால் வெர்னியரை அழுத்தும் விரல் தானாக மாறிவிடுகிறது. இது கற்பனை இல்லை, என் விரலே செய்தது. அதன் பிறகு கூண்டு அட்டையை மறைத்து, வேறொருவரை எண் போடச் சொல்லித்தான் அளந்தேன்.

என் முதல் சோதனை மொத்தமாகப் படுத்தது. நாலு வாரம் ஆகியும் ஒரு காலும் வீங்கவில்லை. காதில் எடுத்த துணுக்கை வளர்த்துப் பார்த்தால் கிருமியே இல்லை. ஆய்வகத்தில் பல வருடம் இருந்த டெக்னீஷியன் அம்மா கேட்டது ஒரே கேள்வி: “எத்தனையாவது பாசேஜ்?” அதாவது, கிருமியை எத்தனை முறை புதுக் குழாய்க்கு மாற்றி வளர்த்தது என்று. நான் குழாயில் எழுதி வைக்கவே இல்லை. வேகமாக வளர்கிறதே என்று கைக்குக் கிடைத்த குழாயை எடுத்திருந்தேன். இந்தக் கிருமிக்கு இருபதுக்கு மேல் பிளாஸ்மிட்கள், அதாவது முக்கிய டிஎன்ஏவுக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ துண்டுகள். குழாய் மாற்றி மாற்றி வளர்த்தால் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். எல்பி25 என்ற ஒன்று போனாலே போதும், குழாயில் கொழுகொழுவென்று வளரும், எலிக்குள் பிழைக்காது. ஒரு மாதமும் அத்தனை எலிகளும் வீண். எலிகளை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

அப்புறம் ஒழுங்காகச் செய்தபோது வேறொரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. எலியின் வீக்கம் மூன்று, நாலு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மருந்தே இல்லாமல் வடிந்துவிடும். கிருமி மட்டும் உடம்பிலேயே தங்கிவிடும். மனிதர்களில் சிலருக்கு நேர்மாறு: ஆன்டிபயாடிக் முழுதாக எடுத்து, மூட்டு நீரில் கிருமியின் சுவடே இல்லாமல் போன பிறகும் முழங்கால் மாதக்கணக்கில் வீங்கிக் கிடக்கும். வீக்கம் எப்படித் தொடங்குகிறது என்று கேட்டால் எலி பதில் சொல்லும். ஏன் போகமாட்டேன் என்கிறது என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதும் மானிய விண்ணப்பங்களில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன்.

வழக்கமாக நாலாவது வாரத்தோடு முடித்துவிடுவோம். ஒருமுறை சில எலிகளை எட்டு வாரம் வரை வைத்திருந்தேன். அளக்கப் போனபோது ஒன்று கூண்டு மூடியின் கம்பியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கணுக்கால் 2.9. காதுத் துணுக்கைக் குழாயில் போட்டுவிட்டு, பத்து நாள் கழித்து டார்க்ஃபீல்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளி இழைகளாக நெளிந்துகொண்டிருந்தன.