முதலில் ஒழுகலை நிறுத்துங்கள்

பழைய நெடுஞ்சாலைப் பாலத்தைப் பலப்படுத்தணும் என்று பேச்சு வந்தாலே, கார்பன் ஃபைபர் (எடை குறைந்த, வலுவான கார்பன் இழைப் பட்டை) ஒட்டிவிடலாமா என்றுதான் கேட்கிறார்கள். பாலங்களைச் சோதிப்பது என் வேலை. நான் முதலில் தேடுவது, தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்பதைத்தான்.

பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்டில், அதாவது பாலம் வெயிலில் விரிந்து சுருங்க மேல்தளத்தில் விட்டிருக்கும் இடைவெளியில். மேலே ரப்பர் கிழிந்திருக்கும். அதன் வழியே இறங்கும் மழைநீர் கர்டர் (மேல்தளத்தைத் தாங்கும் உத்தரம்) முனை, பேரிங் (கர்டர் உட்காரும் தாங்கி), பியர் கேப் (தூணின் தலைப்பகுதி) மூன்றையும் வருஷக்கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்கும். மேலே வண்டியில் போகிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

கீழே சாரம் கட்டி ஏறி, சுத்தியலால் தட்டிக்கொண்டே போவோம். நல்ல கான்கிரீட் கணீரென்று பேசும். உள்ளே பிளந்தது 'பொத்' என்று அமுங்கும். அந்த இடத்தைக் கொத்தி, புதிதாக உடைந்த பரப்பில் பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவம் தெளிப்போம். இளஞ்சிவப்பானால், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை இன்னும் இருக்கிறது. நிறம் ஏறாத பட்டை, காற்றின் கார்பன் டை ஆக்சைடு ஊடுருவிய ஆழத்தைக் காட்டும். அது கம்பி வரை எட்டிவிட்டால், கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது. துருப்பிடித்த இரும்பு பல மடங்கு பெருத்து, மேல்மூடியை வெடித்துத் தள்ளும்.

கார்பன் ஃபைபர் அருமையான பொருள், அதில் சந்தேகமில்லை. 1991இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் அருகே இபாக் பாலத்தில் 175 கிலோ எஃகு செய்ய வேண்டிய வேலையை 6.2 கிலோ கார்பன் பட்டைகள் செய்தன. ஆனால் பட்டை ஒட்டியிருப்பது கான்கிரீட்டின் மேல்தோலில். தோல் உளுத்திருந்தால், பட்டை தோலோடு உரிந்து வரும்.

பேட்ச் வேலையிலும் இதே அவசரம்தான். உப்பு ஏறிய கான்கிரீட்டில் பெயர்ந்த இடத்தை மட்டும் பூசினால், பூச்சின் விளிம்பை ஒட்டிய பழைய பகுதியில் துரு வேகமெடுக்கும். கம்பிக்குப் பின்புறம் வரை வெட்டி, சுத்தமான இரும்பு தெரியும்வரை போக வேண்டும்.

இத்தாலியில் ஜெனோவாவின் மொராண்டி பாலத்தை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. தாங்கு கேபிள்கள் கான்கிரீட்டுக்குள் மூடிக்கிடந்தன; உள்ளே துரு ஏறினால் வெளியே தெரியாது. 1990களின் தொடக்கத்தில் 11ஆம் தூணின் கேபிள்களுக்கு வெளியே புது எஃகுக் கேபிள்கள் போட்டுப் பலப்படுத்தினார்கள். 2018 ஆகஸ்ட் 14இல் விழுந்தது, அப்படிப் பலப்படுத்தாத 9ஆம் தூண். 43 பேர் போனார்கள்.

அதனால் என் வரிசை இதுதான்: ஜாயின்ட், வடிகால் குழாய், பேரிங், கான்கிரீட் பழுது, அதன்பிறகே பலப்படுத்தல். பேரிங் மாற்ற ஜாக்கி வைக்கும்போது எல்லா கர்டரையும் ஒன்றாக, மில்லிமீட்டர் கணக்கில் தூக்கணும். ஒன்று முந்தினால் மேல்தளம் விரிசல் விடும். குழாய் கர்டரின் அடிமட்டத்தைத் தாண்டி நீண்டிருக்கணும், இல்லாவிட்டால் காற்று அந்த நீரைத் திரும்ப கர்டர் மேலேயே அடிக்கும்.

மதிப்பீட்டில் செலவைக் குறைக்கச் சொன்னால், ஜாயின்டையும் குழாயையும்தான் முதலில் அடிக்கிறார்கள். அந்த இரண்டு வரியையும் இப்போது என் அறிக்கைகளின் முதல் பக்கத்திலேயே காரணத்தோடு எழுதிவிடுகிறேன்.